தொல்லியல் கேட்கும் பெண்ணுக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள்

குடியாத்தத்திலிருந்து எழுதிய அம்மா, உங்கள் பயம் புரிகிறது. பெண் தொல்லியல் என்கிறாள், தாய்மாமனோ வீட்டுப் பத்திரத்தை வைத்தாவது கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்கிவிடலாம் என்கிறார். வைக்காதீர்கள். அவளுக்கு மனசில்லாத படிப்புக்கு வட்டி கட்டப்போவது மாமா இல்லை.

மண் தோண்டப் படிப்பு எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்களாம். ஒரு மண் அடுக்கைத் தோண்டி எடுத்துவிட்டால் அதைத் திரும்ப வைக்க முடியாது, அதற்குத்தான் படிப்பு. பானை ஓடு எந்த அடுக்கில், எந்த ஆழத்தில் கிடந்தது என்று அப்போதே பதியாவிட்டால் போயே போச்சு. அதனால் இன்று குழியிலேயே டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு நில அளவைக் கருவியால் அளவெடுக்கிறார்கள், ஒன்றின் ஓரம் அடுத்ததில் விழும்படி நிறையப் படம் எடுத்து, கணினியில் கோத்து, குழியையே முப்பரிமாண மாதிரியாக்குகிறார்கள். எந்த அடுக்கு முந்தியது என்று வரிசைப்படுத்த, எட்வர்ட் ஹாரிஸ் 1973இல் உருவாக்கிய ஹாரிஸ் மேட்ரிக்ஸ் என்ற கட்டப்படம் இருக்கிறது. ஆனால் எதைப் பதிய வேண்டும், எதை விடலாம் என்று கருவி சொல்லாது, அதற்குக் கோட்பாடு தெரிய வேண்டும். துருக்கியில் சாத்தல்ஹோயுக் என்ற புதிய கற்காலக் குடியிருப்பில் 1993 முதல் அகழாய்வு நடத்திய தொல்லியலாளர் இயன் ஹாடர், விளக்கம் சொல்லும் வேலை ஆய்வறைக்குப் போன பிறகு அல்ல, தோண்டும் கையிலேயே தொடங்குகிறது என்று வாதாடினார். பிறகு அங்கே குழிக்குள்ளேயே டேப்லெட்டில் பதிந்தார்கள். கம்ப்யூட்டர் வேண்டும் என்கிற மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்.

செலவுக்கு வருவோம். பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு போதும், கட்டணம் மிகக் குறைவு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். அந்த மூன்று வருடத்தில் ஜிஐஎஸ், அதாவது இடத் தகவல்களை வரைபடத்தில் சேர்த்து ஆராயும் கணினி முறையை, கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் அவள் வீட்டிலேயே கற்கட்டும். நம் வட ஆர்க்காட்டில் நடுகல்லுக்கா பஞ்சம்? ஒரு நடுகல்லைத் தொடாமல் சுற்றிச் சுற்றி செல்போனில் படமெடுத்து முப்பரிமாண மாதிரி செய்து பார்க்கட்டும், அதன் இடத்தை வரைபடத்தில் குறிக்கட்டும். திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளியில் 1960களில் அகழாய்வில் புதிய கற்காலக் குடியிருப்பே வெளிப்பட்டது, அந்த ஊரையும் போய்ப் பார்க்கட்டும். அப்புறம் எம்.ஏ.வுக்குச் சென்னைப் பல்கலைக்கழகமோ புனே டெக்கான் கல்லூரியோ பார்க்கலாம்.

ஒன்றை மறைக்க மாட்டேன். தொல்லியல் துறைப் பணியிடங்கள் குறைவு, பி.ஏ. முடித்ததும் சம்பளம் வராது, எம்.ஏ. வரை பொறுக்க வேண்டும். அரசு வேலை தள்ளிப்போனால் நில அளவை, வரைபட நிறுவனங்களில் ஜிஐஎஸ் தெரிந்தவர்களுக்கு வேலை உண்டு, அதனால் அதை முதல் வருடமே தொடங்கச் சொல்லுங்கள்.