கேளுங்க, சொல்றோம்: லாரி டியூபும் ஆற்றுத் தண்ணீரும்

கேள்வி: கர்நாடகாவில் தண்டேலி பக்கம் டியூபில் உட்கார்ந்து ஆற்றோடு மிதந்து போவதை ரீல்ஸில் பார்த்ததிலிருந்து எங்கள் ஏரியா பசங்களுக்கு அதே பேச்சு. மாதவரத்தில் பழைய லாரி டியூப் கிடைக்கிறது. மழை விட்டதும் தாமரைப்பாக்கம் அணைக்கட்டுப் பக்கம் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி மிதந்துவிட்டு, ராத்திரி கரையிலேயே டென்ட் போடலாமா?
— ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: வேண்டாம் தம்பி. ஆசையில் தப்பில்லை, இடம்தான் தப்பு. கொசஸ்தலையில் பெரும்பாலான மாதங்களில் மிதக்கிற அளவுக்குத் தண்ணீரே இருக்காது, ஓடுகிற நாளிலோ அது பூண்டி ஏரியில் திறந்துவிட்ட உபரி நீராக இருக்கும், அந்த அறிவிப்பு வந்தாலே மணலி புதுநகர், சடையங்குப்பம் ஆட்கள் சாமான்களைப் பரண் மேல் ஏற்ற ஆரம்பித்துவிடுவார்கள். 'விநாடிக்கு ஆயிரம் கன அடி' என்று செய்தியில் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போகிறோம். ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அப்படியானால் ஒவ்வொரு விநாடியும் 9,000 லிட்டர் தண்ணி லாரி மூன்று உங்களைத் தாண்டிப் போகிறது.

அணைக்கட்டுதான் இன்னும் மோசம். பார்க்கச் சின்னச் சுவர்தானே என்று தோன்றும், ஆனால் மேலிருந்து விழுகிற தண்ணீர் அடியில் போய்த் திரும்பவும் சுவரை நோக்கியே சுழலும், அதில் டியூபோ ஆளோ சிக்கினால் வெளியே விடாமல் உருட்டிக்கொண்டே இருக்கும். நன்றாக நீந்துகிறவர்களே அதில் மாட்டிக்கொள்கிறார்கள். மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. வெள்ளத்தில் சாய்ந்து கிடக்கும் சீமைக்கருவேலத்தில் தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போய்விடும், நீங்கள் போக முடியாது. அந்த முள் டியூபை என்ன செய்யும் என்று பஞ்சர் கடைக்காரரையே கேளுங்கள். இன்னும் கீழே எண்ணூர் பக்கம் பற்றிச் சொல்லவே வேண்டாம், அனல்மின் நிலையச் சாம்பலும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்து படிந்த எண்ணெயும் உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று, லாரி டியூபின் வால்வு உலோகக் குழாய், விரல் நீளத்துக்கு உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். பாறையில் ஒரு குலுக்கல் போதும், தொடையைக் கிழித்துவிடும். ஆற்றுக்கென்றே செய்த டியூபில் அந்த வம்பு கிடையாது, பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் இருக்கும்.

கேள்வி: அப்படியென்றால் தண்டேலிக்கே போய்விடலாமா? சனி, ஞாயிறு போதுமா?
— ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: போதாது. சென்ட்ரலில் ரயில் ஏறி பெங்களூரு, அங்கிருந்து இரவுப் பேருந்து என்று போக்குவரத்திலேயே லீவு கரைந்துவிடும், கூடுதலாக இரண்டு நாளாவது எடுங்கள். அங்கே ஓடுவது காளி நதி. மிதக்கிற தண்ணீர் பெரும்பாலும் சூபா அணையில் மின்சாரம் எடுத்துவிட்டு விடுவதுதான், அதனால் முன்பணம் கட்டுவதற்கு முன் 'தண்ணீர் எத்தனை மணிக்கு விடுவார்கள், அளவு ஏறினால் யார் எங்களுக்குச் சொல்வார்கள்' என்று கேளுங்கள். சாப்பாட்டு மெனுவை மட்டும் விலாவாரியாகச் சொல்லிவிட்டு இதற்கு மழுப்புகிறவரிடம் போகாதீர்கள்.

லீவு கிடைக்காவிட்டால் ஒகேனக்கல் இருக்கிறது. இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடியலுக்கு முன் சேலம், அப்புறம் தருமபுரி, பென்னாகரம் வழியாகப் பேருந்து. டியூப் இல்லை, பரிசல்தான். ஆனால் அந்தப் பாறை இடுக்குகளை வருஷக்கணக்காகப் பார்த்த கை துடுப்புப் போடுகிறது, காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலை நிறுத்தியும் விடுகிறார்கள். என்னைக் கேட்டால் வார இறுதிக்கு இதுவே திருப்தி, கரையில் மீன் வறுவலும் உண்டு.

கேள்வி: மகன் காசிமேட்டில் கடலிலேயே நீந்திப் பழகியவன். காலேஜ் நண்பர்களோடு டியூபில் மிதந்துவிட்டு ஆற்றோரம் டென்ட் போடப் போகிறான். பயமாக இருக்கிறது, என்ன சொல்லி அனுப்பட்டும்?
— ஒரு தாய், திருவொற்றியூர்

பதில்: கடலில் நீந்துகிறவன் என்பதுதான் அம்மா எனக்கும் கொஞ்சம் பயம். உப்புத் தண்ணீர் உடம்பைத் தூக்கிக் கொடுக்கும், நல்ல தண்ணீர் அந்த அளவுக்குத் தூக்காது. லைஃப் ஜாக்கெட்டை மாட்டியதும் நண்பனை விட்டுத் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள், காது வரைக்கும் ஏறினால் அது லூஸ், பக்கிளை இறுக்க வேண்டும். டியூபிலிருந்து விழுந்தால் நிற்க முயலவே கூடாது, பாறை இடுக்கில் கால் மாட்டினால் பின்னாலிருந்து தண்ணீர் ஆளைக் குப்புறத் தள்ளிவிடும். மல்லாந்து, காலை ஓட்டத்தின் பக்கம் நீட்டி, மிதந்தபடியே கரை ஒதுங்கட்டும்.

டென்ட் மணல்திட்டில் வேண்டாம், கரையில் பழைய வெள்ளம் விட்டுப்போன சருகும் பிளாஸ்டிக்கும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கிறதோ அதற்கும் மேலே. 2014 ஜூனில் இமாச்சலத்தில் பியாஸ் ஆற்றுக்குள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் மாணவர்கள் 24 பேர், மேலே லார்ஜி அணையில் திறந்த தண்ணீரில் அடித்துக்கொண்டு போய் உயிரிழந்தார்கள். மழை பெய்தால்தான் ஆபத்து என்றில்லை. ஆற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, குச்சியும் இலையுமாக வர ஆரம்பித்தாலோ பையைக்கூட எடுக்காமல் மேலே ஏறச் சொல்லுங்கள்.

கேள்வி: டியூபில் போகும்போது ஒரு பீர்?
— பெயர் வேண்டாம், வியாசர்பாடி

பதில்: கரை ஏறி, உடை மாற்றி, டென்ட்டுக்கு வந்த பிறகு கேளுங்கள். அதுவும் ராத்திரி மறுபடி தண்ணீரில் இறங்குவதில்லை என்றால்.

கேள்வி: கண்ணாடி இல்லாமல் எனக்கு ஒன்றும் தெரியாது. டியூபிங் போகலாமா?
— ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தாராளமாக. இரண்டு காம்பையும் சேர்த்துப் பின்மண்டையில் இறுக்குகிற கயிறு கண்ணாடிக் கடையிலேயே கிடைக்கும். பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போங்கள், புதியது அறையில் இருக்கட்டும். ஹவாய் செருப்பு மட்டும் வேண்டாம், முதல் சுழிப்பிலேயே போய்விடும், பின்னால் வார் வைத்த சாண்டல் போடுங்கள்.