கோடை மழையைக் குறுங்கவிதையாக எழுதினால் எல்லாரும் எழுதியது போலவே வருகிறது. என்ன செய்வது?

எனக்கும் பல வருடம் அப்படித்தான் வந்தது. இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடு) வளர்ந்தவன் நான். முதலில் எழுதியது இது:

கோடை மழை
மண்வாசனை
மனம் நனைகிறது

எந்த ஊர்க்காரரும் எழுதலாம். எங்கள் மழை இதில் இல்லை.

எங்கள் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை. நாள்கணக்கில் நசநசவென்று பெய்யும், அதற்குத் தயாராகத்தான் எல்லாரும் இறங்குவார்கள். மார்ச், ஏப்ரல் மழை வேறு. காலையில் சுள்ளென்று வெயில். மத்தியானம் முகட்டில் கறுத்துக்கொண்டு வந்து இடியோடு கொட்டும், பொழுது சாயுமுன் பெரும்பாலும் விட்டுவிடும். காலை வெயிலை நம்பிப் போனவர்களை ஏமாற்றுவதுதான் அதன் குணம். அதைப் பிடித்துவிட்டால் 'கோடை' என்ற சொல்லே வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒருநாள் கண்டதைப் பிறகு இப்படி எழுதினேன்:

மத்தியான இடி
அம்மா இன்னும் மலையில்
இஸ்தோப்பு ஆணியில் அவள் சீட்டு

(கொழுந்து பறிக்கப் போவதை 'மலைக்குப் போறது' என்போம். சீட்டு, மழைக்குத் தலையோடு போர்த்துகிற பொலித்தீன். இஸ்தோப்பு, லயத்து முன் திண்ணை.)

'பாவம் அம்மா' என்று நாலாவது வரியும் இருந்தது. அடித்துவிட்டேன். ஆணியில் சீட்டு தொங்குவதே போதும். ஹைக்கூவுக்கு என்று 5-7-5 அசை எண்ணுவதும் தமிழுக்கு ஒட்டவில்லை என்பது என் எண்ணம்.

குறுந்தொகை 66ஐ எடுத்து வாசியுங்கள். கார்காலத்தில் வருவதாகச் சொல்லிப் போனவன் வரவில்லை, கொன்றையோ பூத்துவிட்டது. காலமல்லாத 'வம்ப மாரி'யைக் கார் என்று நினைத்துப் பூத்த அறியாத மரம் அது என்று தோழி தேற்றுகிறாள். ஐந்தே அடி. மழைக்கு வர்ணனையே கிடையாது, ஏமாந்த மரம்தான் இருக்கிறது. நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

இன்னொன்று. நனைந்த கொழுந்தை நிறுக்கும்போது தண்ணீருக்கென்று கிலோ கழிப்பார்கள். அந்தக் கோபத்தில் எட்டு வரி எழுதி, கடைசியில் மூன்று மிஞ்சியது:

நனைந்த கொழுந்து
மழைக்கென்று கழித்தது
இரண்டு கிலோ

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டு இல்ல தம்பி, மூணு" என்றார். மாற்றி எழுதிவிட்டேன்.