சின்னக் கட்டிக்கு ஏன் பெரிய வெட்டு?

அன்புள்ள ஐயா,

என் அண்ணாவுக்கு 34 வயது. தோள்பட்டைக்குக் கீழே பல வருஷமாக ஒரு கட்டி இருந்தது. நோவு இல்லை. போன வருஷம் ஒரு தனியார் கிளினிக்கில் கொழுப்புக்கட்டி என்று வெட்டி எடுத்தார்கள். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பவில்லை. இப்போது அதே தழும்பில் மறுபடியும் தடித்து வருகிறது. பயொப்சி ரிப்போர்ட்டில் 'டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா புரொட்டுபெரன்ஸ்' என்று இருக்கிறது. இந்த முறை இன்னும் பெரிதாக வெட்ட வேண்டுமாம். கத்தி பட்டதால்தான் புற்று கிளம்பியது, இனித் தொடவே வேண்டாம் என்று அம்மா அழுகிறார். அண்ணாவுக்குக் கலியாணமும் பேசுகிறோம். பிள்ளைகளுக்கும் வருமா?

வாசகி, வெள்ளவத்தை

அன்பின் மகளுக்கு,

அம்மாவின் பயம் எனக்குப் புதிதல்ல. கத்தி பட்டால் புற்று பரவும் என்ற பேச்சு கொட்டாஞ்சேனையிலும் உண்டு, யாழ்ப்பாணத்திலும் உண்டு. ஆனால் இந்தப் புற்று தோலின் உட்படையில் தொடங்கி, கைக்குத் தட்டுப்படும் கட்டியையும் தாண்டிக் கொழுப்புக்குள் மெல்லிய இழைகளாக ஓடுவது. அறுகம்புல்லை மேலால் பிடுங்கிய மாதிரித்தான் முதல் ஒப்பரேசன் முடிந்திருக்கிறது. உள்ளே கிடந்தது திரும்ப வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் பார்த்தவர் ஏமாந்ததை நான் பெரிதுபடுத்த மாட்டேன். அபூர்வமான நோய், மெதுவாக வளரும், நோகாது. கொழுப்புக்கட்டி என்றோ கீலொயிட் என்கிற தடித்து வளரும் தழும்பு என்றோ நினைக்கத் தோன்றும். டாரியே, ஃபெரான் என்ற பிரெஞ்சு வைத்தியர்கள் இதை 1924இலேயே விவரித்துவிட்டார்கள், இன்றும் ஏமாற்றுகிறது. ஆனால் வெட்டி எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பாமல் விட்டதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. உடம்பிலிருந்து எடுக்கிற எதுவும் ஃபோர்மலின் போத்தலுக்குள் போக வேண்டும், குப்பைக்கு அல்ல.

நோயியல் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வெட்டிய துண்டின் ஒரு ஓரத்தில் சேர்ஜன் நூல் கட்டி அனுப்புவார், எது மேல் பக்கம் என்று எங்களுக்குத் தெரிய. நாங்கள் விளிம்பெல்லாம் மை பூசி, சீவல் சீவலாக அரிந்து, நுணுக்குக்காட்டியில் பார்ப்போம். கொழுப்புக் கலங்களைச் சுற்றி வளைத்தபடி ஒல்லியான புற்றுக் கலங்கள் நிற்கும். சிடி34 என்ற புரதத்தைக் காட்டும் சாயம் போட்டால் பெரும்பாலும் அவை பழுப்பாகிவிடும். பிறகு ஒரே கேள்விதான்: அவற்றில் ஏதாவது மையைத் தொடுகிறதா? தொட்டால் இன்னும் வெட்ட வேண்டும். நூல் கட்டாத துண்டு வந்தால் எந்தப் பக்கம் வெட்டுவது என்று யாருக்கும் தெரியாது. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

அதனால்தான் பெரிய வெட்டு. வழக்கமாகச் சுற்றிவர 2 முதல் 3 சென்ரிமீற்றர், ஆழத்தில் தசையை மூடியிருக்கும் உறை வரைக்கும். 3 சென்ரிமீற்றர் கட்டிக்கு 9 சென்ரிமீற்றர் காயம் வரலாம். மோஸ் முறை என்றால் விளிம்பு முழுவதையும் அப்போதைக்கப்போது பார்த்துப் பார்த்து வெட்டுவார்கள். திரும்ப வருவது அதில் குறைவு. அந்த வசதி இல்லாத இடத்தில் சேர்ஜனிடம் ஒன்று கேளுங்கள்: விளிம்பு சுத்தம் என்று ரிப்போர்ட் வரும்வரை, பக்கத்துத் தசையையும் தோலையும் இழுத்து மூடாமல் வைத்திருக்க முடியுமா? அவசரப்பட்டு மூடினால், மிச்சம் இருந்தாலும் எங்கே இருக்கிறது என்று தேடுவது சிரமம். ஒருமுறை திரும்பி வந்த கட்டி என்பதால் ஆழம் பார்க்க எம்.ஆர்.ஐ. ஸ்கானும் எடுக்கச் சொல்லலாம்.

வேறு உறுப்புகளுக்குப் பரவுவது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. ரிப்போர்ட்டில் 'ஃபைப்ரோசார்கோமா மாற்றம்', அதாவது இன்னும் மூர்க்கமான புற்றாக மாறியிருக்கிறது என்று எழுதியிருந்தால் மட்டும் அந்த ஆபத்து கூடும். அப்போது நெஞ்சுக்கும் ஸ்கான் எடுப்பார்கள். வெட்டி எடுக்க முடியாத நிலைக்கு இமாட்டினிப் மாத்திரை இருக்கிறது. அண்ணாவுக்கு இப்போது அந்தப் பேச்சே தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

பிள்ளைகளுக்கு வராது. 17ஆம், 22ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் வருவது இது. அந்தக் கோளாறு கட்டியின் கலங்களில் மட்டும்தான் இருக்கும்; அம்மா அப்பாவிடமிருந்து வந்ததும் இல்லை, பிள்ளைக்குப் போவதும் இல்லை. பெண் வீட்டாரிடம் இதையே சொல்லுங்கள். முதுகில் உள்ளங்கை அளவு தழும்பை எத்தனை நாளைக்கு மறைக்கப் போகிறீர்கள்?

மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போவதென்றால் ரிப்போர்ட் மட்டும் போதாது. பயொப்சி செய்த ஆய்வுகூடத்தில் சதைத் துண்டு பதித்த மெழுகுக் கட்டையையும், அதிலிருந்து சீவி ஒட்டிய கண்ணாடித் தட்டுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், திரும்ப வருவது பெரும்பாலும் முதல் மூன்று வருஷத்துக்குள்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளினிக் போவதை, கலியாண அலைச்சலிலும் அண்ணா விடக்கூடாது.