பெட்டகத்தில் இருப்பது பொன்னா, பூச்சா? முலாம் நாணயங்கள்: கேள்வி பதில்

காரைக்குடியில் முப்பது ஆண்டுகளாக நாணயம் சேர்த்து வருகிறேன். தங்க முலாம் பூசிய நினைவு நாணயங்களைப் பற்றி நம் ஊர்ப்பக்கத்து அன்பர்கள் கேட்டிருப்பவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

தேவகோட்டையிலிருந்து: அப்பச்சி வாங்கி வைத்த 12 நினைவு நாணயங்கள் வெல்வெட் பெட்டியில் இருக்கின்றன. ‘24 காரட் தங்க முலாம்’ என்று சான்றிதழும் உண்டு. இப்போது விற்றால் என்ன கிடைக்கும்?

சான்றிதழில் உள்ள 24 காரட், பூச்சின் தூய்மையை மட்டுமே சொல்கிறது. பூச்சு எவ்வளவு கனம் என்பதை நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாணயம் 40 மில்லிமீட்டர் விட்டமும் 3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ளது என்றால், இரு பக்கமும் விளிம்பும் சேர்ந்து ஏறத்தாழ 29 சதுர சென்டிமீட்டர் பரப்பு. மெல்லிய முலாம் 0.1 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். அப்படியானால் நாணயம் முழுவதிலும் உள்ள தங்கம் ஐந்தாறு மில்லிகிராம். கணக்குக்காகக் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 60 ரூபாயைத் தொடாது. அதைப் பிரித்தெடுக்க அதைவிடச் செலவாகும். எந்தப் பத்தரும் கையில் வாங்க மாட்டார்.

அடுத்து, நாணயத்தில் முகமதிப்பு அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இக்காலத்து நினைவு நாணயத்தில் ரூபாய் என்றோ டாலர் என்றோ எண் இல்லையென்றால் பெரும்பாலும் அது நாணயமே அல்ல, பதக்கம். நம் நாட்டில் நாணயம் வெளியிடும் உரிமை மத்திய அரசுக்கு மட்டுமே உண்டு. தனியார் அச்சடித்து ‘9,999 மட்டுமே’ என்று எண் போட்டு விற்றால் அரிய பொருள் ஆகிவிடாது. தேடி வாங்க ஆள் இருந்தால்தான் அருமை. விற்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அப்பச்சி ஆசையாக வாங்கியது என்பதற்காக வைத்துக்கொள்ளுங்கள்; அதற்கு அந்தத் தகுதி உண்டு.

எல்லா முலாமும் இப்படியல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில நாடுகளின் நாணயச்சாலைகள் வெள்ளி நாணயத்தில் ஒரு பகுதிக்கு மட்டும் முலாம் பூசித் தாங்களே வெளியிடுகின்றன. அவற்றுக்கு வெள்ளியின் விலையும் உண்டு, சேகரிப்பவர்களும் உண்டு. உங்கள் பெட்டியில் எந்த நாணயச்சாலையின் பெயரும் இல்லை என்றால் அந்த வகையில் சேராது.

திருமயத்திலிருந்து: ஐயா காலத்து அம்மன் காசு இரண்டு இருக்கின்றன. முலாம் பூசி, வளையம் வைத்துப் பேத்திக்கு டாலராகப் போடலாமா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். புதுக்கோட்டை சமஸ்தானத்தின் செப்புக்காசு அது. ஒரு பக்கம் அம்மன் உருவம், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. இருபது காசு சேர்ந்தால் ஓர் அணா. இத்தனை ஆண்டுகளில் அந்தச் செம்பின் மேல் படிந்திருக்கும் கருஞ்சிவப்புப் படலத்தைத்தான் சேகரிப்பவர் முதலில் பார்ப்பார். முலாம் பூசுமுன் காசை அமிலத்தில் கழுவித் தேய்ப்பார்கள். படலம் போய்விடும், அம்மனின் முகமும் மழுங்கும். பிறகு முலாமை எடுத்தாலும் பழைய காசு திரும்பாது. பேத்திக்குக் காசைத் துளைக்காமல் சுற்றிப் பிடிக்கும் சட்டத்தில் வைத்துக் கொடுங்கள்.

பள்ளத்தூரிலிருந்து: தஞ்சைப் பெரிய கோயில் 1000 ரூபாய் நாணயத்துக்குத் தங்க முலாம் பூசி ஒருவர் கூடுதல் விலை சொல்கிறார். வாங்கலாமா?

இராசராசன் கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக அரசு வெளியிட்ட நாணயம் அது. 35 கிராம் எடை, அதில் 80 விழுக்காடு வெள்ளி. வெளியிட்டபடியே, உறையோடு இருந்தால்தான் மதிப்பு. பிறர் பூசிய முலாம் அதற்குச் சேதம். கூடுதலாகக் கேட்கிறாரா? குறைத்துக் கேளுங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து: இரண்டாங்கட்டு அறைப் பெட்டகத்தில் பழைய பவுன் காசு ஒன்று கிடைத்தது. மலாயாவுக்குக் கொண்டுவிக்கப் போன பாட்டனார் கொண்டுவந்தது என்கிறார்கள். பவுனா, முலாமா என்று எப்படி அறிவது?

உரைகல்லில் உரசிவிடாதீர்கள். முதலில் எடை. ஆங்கிலேயர் பவுன் 7.98 கிராம், விட்டம் 22.05 மில்லிமீட்டர், 22 காரட். அதே அளவில் பித்தளையை அடித்து முலாம் பூசினால் நான்கு கிராம்கூட வராது. எடையிலேயே பாதி வேலை முடிந்துவிடும். அடுத்து, நகைக்கடைத் தராசில் சிறு குவளையில் தண்ணீர் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, நூலில் கட்டிய காசை அடியில் படாமல் முழுக்கத் தொங்கவிடுங்கள். எடையும் சரியாக இருந்து, இப்போது தராசு 0.45 கிராம் அளவில் காட்டினால் நல்ல செய்தி.

போன மாதம் ஓர் ஆச்சி இப்படியொரு காசைச் சேலை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார். லென்ஸை வைத்து விளிம்பைத் திருப்பினேன். பல்வெட்டின் மேடுகளில் மட்டும் மஞ்சள் தேய்ந்து வெளிறிய பித்தளை தெரிந்தது. பள்ளங்களில் தங்கநிறம் அப்படியே இருந்தது. எடை 3.8 கிராம். பவுன் என்று நம்பி விலை கொடுத்து வாங்கியிருக்கிறார். அவரிடம் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

உங்களுடையது தேறினால் ஆண்டையும் பாருங்கள். 1918 என்று இருந்து, பின்பக்கத்திலுள்ள குதிரையின் கீழே தரைக்கோட்டில் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து பொடியாக இருந்தால் அது பம்பாயில் அச்சான பவுன். அங்கே பவுன் அச்சடித்தது அந்த ஓர் ஆண்டில்தான்.

கோட்டையூர்க்காரர், சிங்கப்பூரிலிருந்து: வீட்டிலுள்ள பழைய காசுகளை இங்கே கொண்டுவரலாமா?

நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஊரிலேயே இருக்கட்டும்.

புதுவயலிலிருந்து: தாமரை போட்ட 20 காசுக்குள் தங்கம் இருக்கிறதாம். ஐந்து லட்சம் தருவதாகவும், முதலில் வரி கட்டச் சொல்லியும் தொலைபேசியில் அழைக்கிறார்கள்.

அதில் தங்கம் இல்லை. மஞ்சள் நிறம் செம்புக் கலவையால் வருவது. வாங்குகிறவர் விற்கிறவரிடம் முன்பணம் கேட்பாரா? ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் இன்றே 1930 என்ற எண்ணில் புகார் கொடுங்கள்.

ஆத்தங்குடியிலிருந்து: முலாம் மங்கிவிட்டது. புளி போட்டுத் துலக்கலாமா?

கூடாது. விபூதியும் கூடாது. வெண்கலப் பாத்திரத்துக்குச் செய்வதை முலாமுக்குச் செய்தால் ஒரே துலக்கலில் அடி உலோகம் தெரியும். மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்துக் காற்றுப் புகாத உறையில் வையுங்கள்.

கண்டனூரிலிருந்து: மணிவிழாவுக்கு வருகிறவர்களுக்கு முலாம் நாணயம் கொடுக்க எண்ணுகிறோம். நூறு தேவைப்படும்.

அதே பணத்துக்கு ஹால்மார்க் போட்ட 5 கிராம் வெள்ளிக் காசு எவ்வளவு கிடைக்கும் என்று ஊரிலேயே விசாரித்துப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை, நெருங்கிய உறவினருக்கு வெள்ளியும் மற்றவர்களுக்கு வேறொன்றும் கொடுக்கலாம். முலாம்தான் என்று முடிவு செய்தால், ‘முலாம்’ என்ற சொல்லைப் பெட்டியின் மேலேயே பெரிதாக அச்சடித்துவிடுங்கள்.