நியூட்ரான் பட்ட உலோகம்: கேள்வி பதில்

கேள்வி: 14 மெகா எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றல் அலகு) நியூட்ரான்களில் வைத்த இரும்புத் தகடு கதிரியக்கமாகிக் காமா கதிர் விடுகிறது. அந்தக் கதிர்களை ஆற்றல்வாரியாக வரைபடத்தில் உச்சங்களாகக் காட்டும் ஜெர்மானியம் உணர்கருவியில் அளந்தோம். இரும்பிலிருந்து பிறக்கும் மாங்கனீசு 56-இன் 847 கிலோ எலக்ட்ரான் வோல்ட் உச்சம் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வருகிறதே, ஐயா?

பதில்: தகட்டை அலுமினியத் தாளில் சுற்றியிருந்தீர்களா? வேக நியூட்ரான் பட்டால் அலுமினியம் மக்னீசியம் 27 ஆக மாறும். அதன் காமா 844 கிலோ எலக்ட்ரான் வோல்ட். மூன்றே அலகு வித்தியாசம். நல்ல ஜெர்மானியம் பிரித்துக் காட்டும்; பிரிதிறன் குறைந்தால் இரண்டும் ஒரே உச்சமாகிவிடும். 1014-இல் இன்னொரு உச்சம் தெரிந்தால் மக்னீசியம் இருப்பது உறுதி. தாளை நீக்கிவிட்டு அளந்து பாருங்கள். நீக்க முடியாவிட்டால் ஒன்றரை மணி நேரம் பொறுங்கள். மக்னீசியத்தின் அரை ஆயுள் (பாதி அழிய ஆகும் நேரம்) ஒன்பதரை நிமிடம்தான், அநேகமாக அழிந்திருக்கும், மாங்கனீசுக்கு 2.58 மணி, மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும்.

நியூட்ரான் பாய்ச்சுவதை நிறுத்திய நேரத்தைக் குறித்தீர்களா? பத்து நிமிடம் பிசகினால் மாங்கனீசுக் கணக்கில் 4 சதவீதத்துக்கு மேல் பிழை.

கேள்வி: எத்தனை நியூட்ரான்கள் பட்டன என்று எப்படி அறிவது?

பதில்: பக்கத்தில் நியோபியம் தகடு வையுங்கள். அதில் 934 உச்சத்தைத் தரும் வினைக்கு நியூட்ரானிடம் சுமார் 9 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. சிதறி வேகமிழந்தவை கணக்கில் சேரா. இதற்கும் நேரத்தைக் குறியுங்கள்.

கேள்வி: மைக்ரோவேவில் வைத்த பாத்திரம் கதிரியக்கமாகுமா?

பதில்: ஆகாது.

கேள்வி: எக்ஸ்ரே எடுத்த உடம்பு?

பதில்: ஆகாது. இரண்டிலும் நியூட்ரான் இல்லை. இந்த வகைக் கேள்விகளை இத்துடன் நிறுத்திக்கொள்வோம்.

கேள்வி: அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்கும் அணு இணைவு உலையில் கதிரியக்கக் கழிவே வராது என்கிறார்களே?

பதில்: எரிபொருள் எரிந்து மிஞ்சும் ஹீலியம் கதிரியக்கமற்றது. நியூட்ரான் தாக்கும் உலோகச் சுவர் அப்படியல்ல.

கேள்வி: சுவரைக் கழற்றி மாற்றினால் போயிற்று. கழிவு என்பது மிகை.

பதில்: கழற்றியதை எங்கே வைப்பீர்கள்? நிக்கலிலிருந்தும் தாமிரத்திலிருந்தும் கோபால்ட் 60 பிறக்கிறது. அரை ஆயுள் 5.27 ஆண்டு. அதையாவது காத்திருந்து தணிக்கலாம். மேலே அளவுகோலாகச் சொன்ன அதே நியோபியம் சுவரின் எஃகில் இருந்தால், ஒரு நியூட்ரானை விழுங்கி நியோபியம் 94 ஆகும். அரை ஆயுள் சுமார் 20,000 ஆண்டு. அதனால்தான் ஐரோப்பாவின் யூரோஃபர் 97 எஃகில் நியோபியத்தை நீக்கி டான்டலமும், மாலிப்டினத்தை நீக்கி டங்ஸ்டனும் சேர்த்தார்கள். கல்பாக்கத்தில் உருவான இந்திய எஃகும் இதே வழியில் வந்தது. ஆனாலும் மாசாகத் துளி நியோபியம் தங்கிவிடுகிறது. அந்தத் துளி எவ்வளவு என்று அளக்காமல் ‘கழிவே இல்லை’ என்று பேசுவதை நான் ஏற்கமாட்டேன். இங்கிலாந்தின் ஜெட் என்ற இணைவு உலையில், பிரான்சில் கட்டப்படும் ஐட்டர் இணைவு உலைக்கான உலோகத் துண்டுகளையே நியூட்ரானில் வைத்து அளந்ததும் கணக்கை நேரில் சரிபார்க்கத்தான்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் நெருங்கிய உச்சங்களைப் பிரிக்க முடியாத சோடியம் அயோடைடு உணர்கருவி மட்டுமே இருக்கிறது. எதை அளக்கலாம்?

பதில்: அலுமினியத் தகட்டோடு தொடங்குங்கள். மக்னீசியம் அழிய ஓர் இரவு விட்டுவிட்டு, அதே அலுமினியத்தில் பிறக்கும் சோடியம் 24-இன் 1369, 2754 உச்சங்களைப் பாருங்கள். இரண்டும் தெளிவாகப் பிரிந்து நிற்கும்.