கேள்வி–பதில்: எந்த வரியில் பிழை?

கேள்வி: வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்கிறோம். பட்டறைகளுக்குக் கொடுத்த வெள்ளியின் எடைக் கணக்கைச் சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பத்திகளைப் பிரிக்கும் அட்டவணைக் கோப்பு) எங்கள் மென்பொருளில் ஏற்றினால், ‘இறக்குமதி தோல்வி’ என்ற இரண்டு சொற்களோடு நின்றுவிடுகிறது. ஆனால் பாதி வரிகள் பதிவாகியிருக்கின்றன. கோப்பில்தான் குற்றமா?
– ஒரு வாசகர், செவ்வாய்பேட்டை, சேலம்

பதில்: கோப்பில் ஏதோ ஒரு வரி பழுதாக இருக்கலாம், அது எந்த வரி என்று சொல்லாதது மென்பொருளின் குற்றம். ஒப்பிட்டுப் பாருங்கள்: போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் கோப்பை ஏற்றப் பயன்படும் ‘காப்பி’ கட்டளை (ஏற்காட்டுக் காப்பி அல்ல), எடைப் பத்தியில் எண்ணுக்குப் பதிலாக ‘250 கிராம்’ என்று இருந்தால், எத்தனையாவது வரி, எந்தப் பத்தி, என்ன மதிப்பு என்பதையெல்லாம் சொல்லிவிட்டு, அதுவரை ஏற்றிய வரிகளில் ஒன்றும் பதிவில் நிற்காதபடி முழுவதையும் கைவிட்டுவிடும். 2024-இல் வந்த 17ஆம் பதிப்பிலிருந்து, இத்தகைய வரிகளை மட்டும் தாண்டிச் செல்லுமாறு கேட்கவும் முடியும்; எடைக் கணக்கில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், தாண்டிய வரியும் வெள்ளிதானே. உங்கள் மென்பொருளோ வரிவரியாகப் பதிந்துகொண்டே போவதாகத் தெரிகிறது. ஆகவே அப்படியே மறுபடி ஏற்றாதீர்கள், முதல் பாதி இரட்டித்துவிடும். கடைசியாகப் பதிவான வரிக்கு அடுத்த வரியைப் பாருங்கள்: 1,250 என்பது போல எண்ணுக்குள் காற்புள்ளி இருந்து, மேற்கோள் குறி இல்லாவிட்டால், பத்திகள் ஒன்று தள்ளிப்போயிருக்கும். அதைத் திருத்தி, பதிவான பாதியை நீக்கிய பிறகு முழுக் கோப்பையும் ஏற்றுங்கள்.