பிசினஸ் ப்ராசஸ் படங்கள் சாஃப்ட்வேர் டிசைனுக்கு உண்மையில் பயன்படுகின்றனவா?

ஒரு வேலை எந்தெந்தப் படிகளில் நடக்கிறது என்று காட்டும் ப்ராசஸ் படம் வரைந்து கொடுத்தால் டெவலப்பர்கள் திறந்துகூடப் பார்ப்பதில்லை, டிசைனுக்கும் அதற்கும் தொடர்பே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. நீங்கள் அநேகமாக ஒரு சர்வீஸ் கம்பெனியில் பிசினஸ் அனலிஸ்ட். படத்தை வேர்டு ஃபைலில் ஒட்டி, கையெழுத்து வாங்கி அனுப்பியிருப்பீர்கள். தொடர்பு அறுவது அங்கேதான்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்துக்கு ஜாப் ஒர்க் (வெளியே கொடுத்துச் செய்து வாங்கும் வேலை) மென்பொருள் செய்தோம். ஆபீசில் சொன்ன ப்ராசஸ் நேர்கோடு: நூல், நிட்டிங் (பின்னல்), டையிங் (சாயம்), கட்டிங். இதை வைத்தே டேட்டாபேஸ் டேபிள் போட்டுவிடலாம் என்றார் டீம் லீட். குடோனைப் பார்க்காமல் வரைய மாட்டேன் என்று நான் நின்றேன். அங்கே துணி வரவு பார்க்கும் அண்ணன் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: "ஏனுங்க தம்பி, ஒரே லாட்டுல நாலு ரோல் ஷேடு மாறி வந்தா உங்க கம்ப்யூட்டரு என்ன பண்ணுமுங்க?"

லாட் என்றால் ஒன்றாகச் சாயம் போட்ட துணி, ஷேடு என்றால் சாயத்தின் நிறம். பதிலையும் அவரே சொன்னார். ஷேடு மாறிய ரோல்கள் மறுபடி டையிங்குக்குப் போகும், மீதி கட்டிங்குக்குப் போய்விடும். அனுப்பிய எடை அப்படியே திரும்பாது, வேலையில் குறையும் எடை, அதாவது ப்ராசஸ் லாஸ், போகத்தான் வரும்.

படத்தில் இது வழி பிரியும் இடத்தைக் காட்டும் ஒரு கேட்வேயும் பின்னால் திரும்பும் ஓர் அம்பும்தான். ஆனால் டிசைனே மாறியது. ஆர்டர் எண்ணைச் சுற்றி யோசித்த டேபிள் போய், லாட் தனக்கென விவரங்கள் கொண்ட தனி என்டிட்டி ஆனது. பிரிந்த லாட் ஒவ்வொன்றிலும் தாய் லாட்டின் எண் வந்தது. அனுப்பிய கிலோவும் வந்த கிலோவும் சமமா என்று பார்க்கும் வேலிடேஷனுக்குப் பதில், அனுமதித்த லாஸ் சதவீதத்தை லாட்டோடு சேமித்தோம்.

அப்புறம் ஜிஎஸ்டி. சட்டத்தின் 143வது பிரிவுப்படி, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய இன்புட் (நூல், துணி போன்ற மூலப்பொருள்) 1 வருடத்துக்குள் திரும்ப வர வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் அனுப்பிய நாளிலேயே சப்ளை செய்ததாகக் கணக்கு. அக்கவுண்டன்ட் பேச்சுவாக்கில் சொன்ன இதை, டையிங் கட்டத்தின் ஓரத்தில் கெடுவைக் காட்டும் டைமர் ஈவென்ட் என்ற குறியாக வைத்தேன். மென்பொருள் கோடில் அது, கெடு நெருங்கும் டெலிவரி சலான்களை (சரக்கோடு போகும் சீட்டுகளை) தினமும் இரவில் தானாக எடுத்துத் தரும் புரோகிராம் ஆனது.

மென்பொருளைச் சிறு சிறு கட்டமாகச் செய்யும் அஜைல் முறையில் படம் எதற்கு என்று சிலர் வருவார்கள். எல்லாவற்றையும் வரையச் சொல்லவில்லை. லாகின் திரைக்குப் படம் வேண்டாம். பல கை மாறி, நாள்கணக்கில் காத்திருக்கும் வேலைக்குத்தான் வேண்டும். ப்ராசஸ் படம் வரைவதற்கான பொதுவான குறியீட்டு முறை பிபிஎம்என். 2011இல் வந்த அதன் 2.0 பதிப்பில் படத்தை, கம்ப்யூட்டர் படிக்கும் எக்ஸ்எம்எல்லாகச் சேமித்து இயக்கும் முறையே உண்டு. கமுண்டா போன்ற இன்ஜின்கள் அதை நேராக ஓட்டுகின்றன. எங்களுடையது சாதாரண ஜாவா. அதனால் படத்தில் டாஸ்க்குக்கு வைத்த பெயரையே கோடில் அதைச் செய்யும் மெத்தடுக்கும் வைத்தோம், படத்தின் ஃபைலை கோடோடு, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் போட்டோம். மாற்றம் வந்தால் இரண்டும் ஒரே கமிட்டில், அதாவது ஒரே பதிவில் மாறும்.

இத்தனைக்கும் என் அப்ரைசலில் வந்தது "டாக்குமென்டேஷன் நன்று" என்ற ஒற்றை வரி. குடோனில் நின்று கேட்டு வந்ததெல்லாம் டைப்பிங் வேலையாம். கோடு எழுதாதவருக்கு டெக்னிக்கல் அறிவு கிடையாது என்று எவர் முடிவு செய்தாரோ, இன்றும் எனக்கு ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயம். படத்தை மெயிலில் அனுப்பாதீர்கள். டேபிள் போடும் மீட்டிங்கில் போய் உட்கார்ந்து, எது பிரியும், எது திரும்பி வரும், எது எத்தனை நாள் காத்திருக்கும் என்று கேளுங்கள். படத்தைத் திறக்காமல் அவர்களால் பதில் சொல்ல முடியாது.